மூன்று தரம் கூப்பிட்ட பேர்

கண்டி மார்க்கட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னாலேயே அதில் எங்கள் கடை எது என்று எனக்குத் தெரியும். வாவிப் பக்கத்து வாசலால் நுழைந்தால் இடது கைப் பக்கம் முதலாவது. மூலைக் கடை. கொத்தனார்கள் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த நாட்களில் என் வீட்டுக்காரர் போய் அந்த மூலையைக் காலால் அளந்து வந்தார். குதிகாலில் பெருவிரல் முட்ட அடிமேல் அடி வைத்து, முன்பக்கம் பதினோரு அடி, உள்ளே ஏழு அடி. மறந்துபோகாமல் இருக்க, "பதினொண்ணு ஏழு, பதினொண்ணு ஏழு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கடை எங்கள் கையை விட்டுப் போன கதை இந்த மூன்றுக்குள்ளேதான் கிடக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது காப்பிக் காலம். இன்றைக்கு மலையைப் பார்த்தால் தேயிலை தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அன்றைக்கு ஹந்தானைச் சரிவிலிருந்து மாத்தளைப் பக்கம் வரைக்கும் காப்பிதான். அது பூத்தால் மலை முழுக்க வேட்டி காயப்போட்டது போல வெள்ளையாகத் தெரியும். பழம் பறிக்கிற பருவத்தில் மாட்டு வண்டிகள் காப்பி மூட்டையோடு ரயிலடிக்கு இறங்கும், அரிசி மூட்டையோடு திரும்பி ஏறும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் ஊருக்குள் வந்துவிட்டால் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

பழைய கடைத்தெரு என்பது ஓலைக் கொட்டகைகள் ஒன்றை ஒன்று சாய்ந்துகொண்டு நின்ற ஒரு வரிசைதான். அதில் முதல் கொட்டகை எங்களுடையது. புளி, செத்தல் மிளகாய், கொத்தமல்லி, கருவாடு. இரண்டாவது கொட்டகையில் அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் நானா ஒருவர் கம்பளி விற்றார். குளிர் தெரியாத ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள், பிறகுதான் எங்களிடம் வருவார்கள். எதிர்ப்பக்கம் கூடையை வைத்துக்கொண்டு வெற்றிலை விற்ற அக்கா. அவளுக்குக் கொட்டகை இல்லை, ஒரு கிழிந்த குடைதான். அந்தக் குடைக்குக் கீழே உட்கார்ந்து தெருவையே ஆட்டி வைப்பாள்.

புதிதாக இறங்குகிற சனம் வழி கேட்பதும் எங்கள் கடையில்தான். என் வீட்டுக்காரர் எழும்பாமல் பதில் சொல்லுவார்.

"வாவியை வலது கைப்பக்கமா வச்சு நடங்க, தலதா மாளிகை வந்துரும். கதிர்காமக் கோயிலா? மணிச்சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே போங்க, வாசல்ல விட்டுரும்."

"அந்தச் செவப்புக் கட்டடம் என்னாங்க?"

"வெள்ளக்காரங்க கும்புடுற கோயிலு. பெரிய மணி அங்கதான்."

"மதிலு கட்டுறாங்களே அது?"

"அது ஜெயிலு. அதுக்கு வழி கேக்கத் தேவையில்ல, அவங்களே கூட்டிட்டுப் போவாங்க."

அவர் இல்லாத நேரத்தில் என்னிடம் கேட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். கையை மட்டும் காட்டுவேன். கோயிலுக்கு ஒரு பக்கம், பள்ளிவாசலுக்கு ஒரு பக்கம், ரயிலடிக்கு ஒரு பக்கம். கண்டியில் எந்தத் திசையில் எது இருக்கிறது என்று என் கைக்கு மனப்பாடம். "இந்தப் புள்ளைக்கு நாக்கு கையில இருக்கு" என்று அக்கா சொல்லுவாள்.

என் கூச்சம் பிறவியோடு வந்தது. என் அப்பா ரோட்டு வேலைக்கு வந்து கண்டியிலேயே நின்றுவிட்டவர். வெள்ளைக்கார அம்மாமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சிக்காக என்னை அனுப்பினார்கள். மூன்று வகுப்பு மட்டும் படித்தேன். பாடம் ஒப்பிக்கச் சொன்னால் நின்று அழுவேன். சிலேட்டில் எழுதச் சொன்னால் மட்டும் முதலாவது நானாகத்தான் இருப்பேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், எங்கேயோ ஒரு பெண் கடுதாசி எழுதினாள் என்று கடையில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "எழுத்துப் படிச்ச பொம்பளையக் கட்டிக்கிட்டா வீட்டுல மொட்டைக் கடுதாசிக்குப் பஞ்சமிருக்காது" என்றார். சும்மா சொன்னதுதான். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த நிமிடமே வாய் கட்டிப்போய்விட்டது. எனக்கும் தெரியும் என்று சொல்ல வேண்டிய நாள் அன்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும், இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பார் அல்லவா. மிளகாய் சுற்ற வாங்குகிற பழைய கடுதாசிகளை, அவர் சரக்குக் கொண்டு போன நேரத்தில் ஒவ்வொன்றாக விரித்து வாசிப்பேன். பாதியில் கிழிந்த வழக்குக் கதை, யாருடையதோ கல்யாண அழைப்பு, மருந்து விளம்பரம். ஆள் வந்தால் மடியில் போட்டு மிளகாயைக் கொட்டிவிடுவேன்.

ஓலைக் கொட்டகைகளை எடுத்துவிட்டுக் கல்லும் இரும்புமாகப் புது மார்க்கட்டு கட்டப் போகிறார்கள் என்றபோது எல்லோரும் பயந்தார்கள். பிறகுதான் சொன்னார்கள், பழைய வரிசையில் யார் எந்த இடமோ புதிய கட்டடத்திலும் அதே வரிசைதான் என்று. அப்படிப் பார்த்தால் முதல் கொட்டகைக்கு மூலைக் கடை. வாவியைச் சுற்றி வருகிறவர்களும் ரயிலடியிலிருந்து வருகிறவர்களும் முதலில் முகம் பார்க்கிற கடை. என் வீட்டுக்காரர் பேச்செல்லாம் அதுதான். ஓலைக்குக் கீழே ஒழுகி ஒழுகிப் புளி புளித்துப்போகிறது என்று சிரிப்பார். மழை படாத ஒரு கடை, பலகை போட்டு மூடுகிற ஒரு கடை, அவ்வளவுதான் அந்த மனிதர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது.

பேர் எழுதக் கிளாக்கர் வருவார் என்று தெரிந்தபோது அவர் மாத்தளைப் பக்கத் தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டு புறப்பட வேண்டியிருந்தது. நான் அவர் பேரைச் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியாதா. புருசன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். பேரில் வருகிற எழுத்துக்கூட வேறு சொல்லில் வந்தால் தடுமாறுவேன்.

"நானாகிட்டச் சொல்லியிருக்கேன். கிளாக்கரு வந்தா அவரு பேரச் சொல்லுவாரு. நீ கொட்டகையை விட்டு நகராம இரு, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளாக்கர் வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்.

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்தவர், வெயிலில் முகம் கறுத்து, கையில் பெரிய புத்தகமும் பேனையுமாக வந்தார். மைக்கூட்டை ஒரு சேவகன் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த முதலாம் கொட்டகை ஆற்றை?"

நான் எழும்பி ஒதுங்கி நின்றேன். அக்காதான் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் சொன்னாள்.

"அவ வீட்டுக்காரரோடது சாமி. மாத்தளைப் பக்கம் போயிருக்காரு."

"பேர்?"

"புளிக்கடைக்காரருன்னு சொன்னா கண்டியில எல்லாருக்கும் தெரியும்."

"புளிக்கடைக்காரர் எண்டு புத்தகத்திலை எழுதேலாது. தாய் தகப்பன் வைச்ச பேர் வேணும்."

"அது எனக்கு எப்புடித் தெரியும்? நான் என்ன அவரத் தொட்டில்ல போட்டு ஆட்டினவளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கிளாக்கர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. உங்கட மனுசன்ரை பேர் என்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இவ சொல்லுவான்னு நெனச்சீங்கன்னா இங்கயே பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா.

"என்ரை வீட்டிலையும் இதே கூத்துத்தான்" என்று அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "சரி, ஒரு குறிப்பாவது காட்டுங்கோ."

நான் கையை நீட்டிக் கதிர்காமக் கோயில் இருக்கிற திசையைக் காட்டினேன். அந்தச் சாமியின் பேர்தான் அவருக்கு.

"அப்ப நம்ம முருகன் பேரு" என்று அக்கா தொடைமேல் தட்டினாள். அந்தச் சாமிக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை என்று தலையசைத்தேன். வண்டிக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஒவ்வொன்று சொன்னார்கள். அவரவர் மாமன், மச்சான், சித்தப்பன் பேரெல்லாம் வந்தது. என் வீட்டுக்காரர் பேர் மட்டும் வரவில்லை.

"அந்தச் சாமிக்குப் பொண்டாட்டி ரெண்டு, பேரு ரெண்டாயிரம். சொல்லி முடிய ஆடி வேல் வந்துரும்" என்றான் ஒரு வண்டிக்காரன்.

எனக்குக் காதுமடல் எரிந்தது. அந்த நேரத்தில் அக்காவிடம் யாரோ வெற்றிலை கேட்டு வந்தார்கள், அவள் திரும்பிக்கொண்டாள். கிளாக்கர் இரண்டடி கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேளாமல், பேனையை என் பக்கம் நீட்டினார்.

"எழுதத் தெரியுமோ பிள்ளை? சொல்ல வேண்டாம். எழுதிக் காட்டினாப் போதும்."

இன்றைக்கும் அந்தப் பேனை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மரப்பிடி, முனையில் மை ஒரு துளி. நல்ல மனிதர். என் கூச்சத்தைப் புரிந்துகொண்டு ஒரு வழி திறந்துவிட்டார். எழுதினால் ஆயுசு குறையும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் இத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் பேனை பிடித்தால் மாலைக்குள் தெரு முழுக்கப் பரவும். அவர் திரும்பி வருகிறபோது, உன் பெண்டாட்டி எழுதினாளாமே என்று யாராவது கேட்பார்கள். நான் தெரியாது என்று தலையசைத்தேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அந்தச் சாமியின் பேர்களில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற ஒரு பேரைச் சொல்லி, "அதுதானே?" என்று கேட்டார். அக்கா சொன்ன வரிசையில் அந்தப் பேர் ஏற்கெனவே வந்துபோன பேர். அவருக்கு வெயில், எனக்கு வெட்கம். சாமி ஒன்றுதானே என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நான் தலையாட்டினேன்.

அவர் எழுதினார். புத்தகம் எனக்குத் தலைகீழாக இருந்தது. இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது. முதல் கொட்டகைக்கு நேரே வேறொருவர் பேர் ஒவ்வோர் எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மை காய்ந்ததும் அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நானா தொப்பியோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தங்கச்சி, கிளாக்கர் வந்து போயிட்டாரா? எண்ட பேரை மகன் சொல்லிக் குடுத்தானாம். உங்கட பேரு எழுதியாச்சா?"

நான் தலையாட்டினேன்.

"அல்ஹம்துலில்லாஹ். தம்பி வந்தா எண்ட கழுத்தையெல்லவா நெரிச்சிருப்பார்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். நானாவிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும். கிளாக்கர் அப்போது தெருவின் கடைசிக் கொட்டகையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ஆனால் எதைச் சொல்வேன்? வேறொரு ஆண் பேரைச் சொல்லி இதுதான் உன் புருசனா என்று கேட்டார்கள், நான் ஆமென்று தலையாட்டினேன் என்றா? புருசன் பேரைச் சொல்வதைவிட அது எவ்வளவு பெரிய கேவலம் என்று, கிளாக்கர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது வண்டியில் ஒரு பலாப் பலகை இருந்தது. மாத்தளையில் ஒரு தச்சனிடம் சொல்லி அறுத்து, தேய்த்து, ஓரத்தை உருட்டிக் கொண்டுவந்திருந்தார். பதினோரு அடி. கடை முகப்புக்கு.

"இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அப்புடியே உக்காந்துக்கும் பாரு" என்றார். "பேரு எழுதிட்டாங்கல்ல?"

"எழுதிட்டாங்க."

"நானா சொன்னாரா?"

"யாரோ சொன்னாங்க."

அவர் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ.

கடை பிரித்துக் கொடுக்கிற நாளன்று கல்யாண வேட்டியைக் கட்டி, திருநீறு பூசிக்கொண்டு போனார். நான் கொட்டகையில் சாக்குகளைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் தனியாக வந்தார். வந்தவர் சாக்கின்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நம்ம பேரு வரல" என்றார்.

நான் செம்பை நீட்டினேன்.

"கடைசிப் பேரு வரைக்கும் நின்னேன். அன்னைக்கு எழுதுன கிளாக்கரு இல்ல, அவர வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். வாசிச்சது வேற ஒரு பெரிய உத்தியோகத்தரு. வரிசையையே மாத்திட்டாங்க போலருக்கு. மூலைக் கடைக்கு முதல்ல ஒரு பேரக் கூப்புட்டாரு. நம்ம சாமி பேருதான். நல்ல பேரா இருக்கேன்னு நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆளு வரல. மூணு தரம் கூப்புட்டாரு. ஒருத்தனும் வரல. பாவம், எந்தத் தோட்டத்துல காய்ச்சல்ல கெடக்குறானோ."

தண்ணீரைக் குடித்தார்.

"அவன் பொண்டாட்டியாவது வந்து சொல்லியிருக்கலாம்" என்றார்.

நான் செம்பை வாங்கி உள்ளே வைத்தேன்.

"நாளைக்கு மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் அந்தக் கடையை அவனுக்காக வச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள வரலன்னா அடுத்த ஆளுக்கு."

மறுநாள் காலையில் அவர் கஞ்சி குடித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். உத்தியோகத்தரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே போனால் எப்படியும் விஷயம் வெளியே வரும், என் வாயால் சொல்லாமலே வந்துவிடும் என்று ஓர் ஆசை. ஆனால் அவர் சொன்னார்:

"வண்டிப்பேட்டைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வாறேன். அந்தப் பேருல யாராச்சும் இருந்தா சொல்லிவிடலாம். மத்தியானத்துக்குள்ள அவன் வந்துட்டா அவன் பொழச்சுக்குவான். நமக்குத்தான் இல்லன்னு ஆயிருச்சு."

வாசல் வரைக்கும் பின்னால் போனேன். "என்னங்க" என்று கூப்பிட்டேன். திரும்பினார்.

"என்னா?"

"வெத்தல எடுத்துக்கிட்டீங்களா?"

மடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் புறப்பட்டேன். புது மார்க்கட்டின் வாவிப் பக்கத்து வாசலுக்குப் போனேன். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே ஒரு மேசை போட்டு அந்த உத்தியோகத்தர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அந்தப் புத்தகம், பக்கத்தில் மைக்கூடு, பேனை. சுற்றி ஆண்கள். நான் ஓர் இரும்புத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மூலைக் கடை காலியாகத் தெரிந்தது, கூட்டிப் பெருக்கித் துப்புரவாக. வாவிக் காற்று நேராக அதற்குள்ளேதான் போனது. மழை பெய்தால் ஒரு துளி உள்ளே வராது.

இந்த ஆள் நகர்ந்ததும் போவோம் என்று நினைத்தேன். அவர் நகர்ந்தார், இன்னொருவர் வந்தார். அவரும் நகர்ந்தார். ஒரு கட்டத்தில் மேசைக்கு முன்னால் யாருமே இல்லை. உத்தியோகத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் கையை நீட்டி ரயிலடிப் பக்கம் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழி கேட்கிறவர்களுக்குக் காட்டிக் காட்டிப் பழகிய கை. அவர் வழி தெரியாதவள் என்று நினைத்து, சேவகனைக் கூப்பிட்டு எனக்கு ரயிலடிக்கு வழி சொல்லச் சொன்னார். நான் அந்த வழியிலேயே நடந்தேன். பாதி தூரத்தில் சிவப்புக் கோயிலில் மத்தியான மணி அடித்தது.

மூலைக் கடை வளையல் வியாபாரி ஒருவருக்குப் போனது.

வீட்டுக்காரர் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். அந்தப் பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறார். "ஒருத்தனும் கடைக்காரன் இல்ல" என்றார். அதற்கு அடுத்த நாள்தான் நானாவையும் கூட்டிக்கொண்டு தன் விஷயமாகக் கேட்கப் போனார். புத்தகத்தில் உங்கள் பேர் இல்லை, கடைகள் எல்லாம் கொடுத்து முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அசட்டையாக விட்டுவிட்டார் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிளாக்கரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "அந்தப் பாவி" என்பார். எனக்காகப் பேனையை நீட்டிய மனிதருக்கு அந்த வசவு விழும்போதெல்லாம் நான் எழும்பி உள்ளே போய்விடுவேன். அதையும் நான் ஒரு நாளும் தடுக்கவில்லை.

கொட்டகைகளைப் பிரித்தார்கள். நாங்கள் பிலிமத்தலாவைக்குப் போனோம். கொழும்பு ரோட்டோரம் ஒரு சின்ன வீடு, முன்பக்கத்தில் கடை. வீடு மொத்தமே எட்டு அடி அகலம். அந்தப் பலகையை அறுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் விடவில்லை. சுவரில் ஓர் ஓட்டை போட்டு, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க உள்ளே போட்டார். வெளியே நீட்டின மூன்று அடியில் ரோட்டில் போகிறவர்கள் சுமை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பிறகு காப்பிக்கு நோய் வந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் பொடி. தோட்டத்துச் சனம் பாதி கடலைத் தாண்டித் திரும்பிப் போனது, மீதி நடந்து நடந்து புதுத் தோட்டம் தேடியது. ரோட்டில் வண்டி குறைந்தது. எங்கள் புளியை வாங்க ஆள் இல்லை. ஊரே விழுந்தபோது நாங்கள் மட்டும் என்ன, மூலைக் கடை இருந்தாலும் விழுந்துதான் இருப்போம் என்று அவர் சொல்லுவார். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. அந்த வளையல்காரர் விழவில்லை. சனம் குறைந்தாலும் ஊருக்கு வருகிறவர்கள் அந்த வாசலால்தான் வந்தார்கள். தேயிலை வந்தபோது அவர் பிள்ளைகள் அங்கேயே நிமிர்ந்து நின்றார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கண்டிக்குப் போவோம். அவர் மார்க்கட்டுக்குள் நுழைந்து அந்தக் கடைக்கு முன்னால் கொஞ்சம் நிற்பார். வளையல் வாங்க வந்தவர் போல.

"அந்த மனுசன் என்ன ஆனானோ" என்பார். "மூணு தரம் கூப்புட்டாங்க. இப்ப இருந்தா என் வயசு இருக்கும் அவனுக்கு."

தன் நட்டத்தை விட அந்த ஆளின் நட்டம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இல்லாத ஓர் ஆளுக்காக அவர் துக்கப்பட்டதை நான் பக்கத்தில் நின்று இருபது வருடம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொல்லியிருந்தால் அடித்திருக்கமாட்டார். ஏசியிருக்கவும் மாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒரு வேளை சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பையும் நான் அவருக்கு இல்லாமல் செய்துவிட்டேன்.

அவர் இறந்தது கண்டி ஆஸ்பத்திரியில். இழுப்பு வந்து நான்கு நாள் கிடந்தார். சாவைப் பதிவதற்கு ஓர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அதன் ஜன்னலால் வாவியும், வாவிக்கு இந்தப் பக்கம் மார்க்கட்டுக் கூரையும் தெரிந்தன. மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தது ஒரு சின்ன வயதுக் கிளாக்கர். நானாவின் மகன் என்னோடு வந்திருந்தார். அவருக்கும் தன் வாப்பா சொல்லிப் பேர் தெரியும்.

"இறந்தவரின் பேர்?" என்று கேட்டார் கிளாக்கர்.

நானாவின் மகன் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பேனையைக் குடுங்க தம்பி" என்றேன்.

கிளாக்கர் நானாவின் மகனைப் பார்த்தார். நானாவின் மகன் என்னைப் பார்த்தார். பேனை கைக்கு வந்தது. ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதினேன். எழுத்து நேராகத்தான் வந்தது. அவர் பேரை முதல் தடவையாக எழுதுகிறேன். அவர் போன பிறகு எழுதுகிறேன். இனி எந்த ஆயுசு குறையப் போகிறது?

"மாமிக்கு எழுதத் தெரியுமா?" என்று நானாவின் மகன் மெதுவாகக் கேட்டார். "வாப்பாவுக்குக்கூட இது தெரியாதே."

கிளாக்கர் கடுதாசியை எடுத்து, சரிபார்க்கிறதுக்காக அந்தப் பேரைச் சத்தமாக வாசித்தார். ஒரு தரம்தான். பிறகு என்னைப் பார்த்து, "இதுதானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

பலகை இன்னும் பிலிமத்தலாவையில்தான் இருக்கிறது. இதை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். ரோட்டில் போகிற யாரோ வெளியே நீட்டின முனையில் சுமையை இறக்கி வைக்கிறார்கள். இந்தப் பக்கம் கடுதாசி ஆடுகிறது.